பட்டாவும் அனுபோகமும் பெரியப்பா மகனிடம் இருக்கும்போது தாத்தா நிலத்தில் நம் பங்கு என்னவாகும்?

கேட்டிருப்பவரின் நிலைமை சுருக்கமாக இது. பண்ருட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அவருடைய தாத்தா 1962-ல் கிரயம் பெற்ற 3 ஏக்கர் 20 சென்ட் முந்திரித் தோப்பும், புதுச்சேரி எல்லைக்குள் பாகூர் பக்கம் 1971-ல் வாங்கிய 40 சென்ட் நஞ்சையும் இருக்கின்றன. தாத்தா 1991-ல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி 2003-ல் காலமானார். பிள்ளைகள் மூவர்: பெரியப்பா, அப்பா, பாகூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை. பெரியப்பா 2009-லும் அப்பா 2018-லும் இறந்துவிட்டார்கள். தோப்பின் பட்டா பெரியப்பா பெயரிலிருந்து அவருடைய மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. 2017 வரை குத்தகைப் பணத்தில் ஒரு பகுதி அப்பாவுக்கு வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. 2021-ல் அந்த அண்ணன் 80 சென்டை வெளியாருக்கு விற்றுவிட்டார். இப்போது தாமே முழு உரிமையாளர் என்று சொல்லி, நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையும் வாங்கியிருக்கிறார். "பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டது, பட்டாவும் அவரிடம் இருக்கிறது, இனி என்ன செய்ய முடியும்?" என்பது கேள்வி.

உங்கள் உரிமை போய்விடவில்லை. ஆனால் நீங்கள் இப்போது எடுக்கும் முதல் இரண்டு நடவடிக்கைகள் தவறினால், இருக்கும் உரிமையை நிரூபிக்கவே பத்தாண்டுகள் கூடுதலாகச் செலவாகும். கடலூர் மாவட்ட நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளாகச் சொத்து வழக்குகள் நடத்தியும், நீதிமன்றம் நியமித்த ஆணையராகப் பல தோப்புகளிலும் வயல்களிலும் அளவைச் சங்கிலியோடு நின்றும் கண்டதை வைத்துச் சொல்கிறேன்: இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, தவறான பரிகாரத்தைக் கேட்டதால் தோற்கின்றன. நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி, நிலம் யார் கையில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, எதிராளி தடை கேட்டார் என்பதற்காக நாமும் பதிலுக்குத் தடை கேட்டு வழக்குப் போடுவதுதான் நான் அதிகமாகக் கண்ட தவறு. உங்களுக்கு வேண்டியது பாகப்பிரிவினை.

முதலில் பங்கைக் கணக்கிட்டுவிடுவோம், ஏனென்றால் பலர் தங்கள் பங்கையே தவறாகச் சொல்லிக்கொண்டு நீதிமன்றம் வருகிறார்கள். நீங்களும் "மூன்றில் ஒரு பங்கு எனக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா தம் பணத்தில் வாங்கிய சொத்து என்பதால் இது அவருடைய சுயார்ஜிதம். உயிலில்லாமல் அவர் இறந்த நாளில், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-வது பிரிவுப்படி பாட்டிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு சேர்ந்தது. பாட்டி இறந்ததும் அவருடைய கால் பங்கு அதே மூவருக்குப் பிரிந்து, ஒவ்வொரு கிளைக்கும் மூன்றில் ஒன்று ஆயிற்று. அப்பாவின் மூன்றில் ஒன்று உங்களுக்கு மட்டும் வரவில்லை. உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் உங்களுக்கும் சமமாக வந்தது. ஆகவே உங்கள் தனிப் பங்கு ஒன்பதில் ஒன்று, அதாவது தோப்பின் 320 சென்டில் ஏறத்தாழ 35½ சென்ட். மூவரும் சேர்ந்தால் 106 சென்டுக்குச் சற்று மேல். அதே கணக்குதான் பெரியப்பா கிளைக்கும். பெரியம்மாவும் மணமான அக்காவும் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருப்பதால், அண்ணனின் தனிப் பங்கும் 35½ சென்ட்தான். அவர் மட்டும் கையெழுத்திட்டு 80 சென்டை விற்றிருக்கிறார் என்பதை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது, ஆகவே அவருக்குப் பங்கில்லை என்று ஊரில் சொல்கிறார்கள் என்று. நகையும் சீரும் நிலத்தின் பங்கைத் தீர்ப்பதில்லை. அத்தை தம் பங்கை விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமானால் அதற்குப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் அப்படி ஒன்று இல்லாதவரை அவர் மூன்றில் ஒரு பங்குக்கு உரியவர். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பெண்களுக்குச் சொத்துரிமை 2005-ல்தான் வந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தத் திருத்தமும், அதற்கு முன்பே தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தமும், பிறப்பாலேயே உரிமை தரும் கூட்டுக்குடும்பப் பூர்விகச் சொத்தைப் பற்றியவை. தகப்பன் சுயமாக வாங்கிய சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956 முதலே இருக்கிறது. உங்கள் வழக்கில் 2005-ஐ இழுக்க வேண்டிய தேவையே இல்லை, இழுத்தால், "அப்படியானால் இது பூர்விகச் சொத்து என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்ற தேவையற்ற வாதத்துக்குக் கதவு திறக்கும். வேறொருவருடைய நிலம் உண்மையிலேயே பூர்விகச் சொத்தாக இருந்து, அவர் மகளாகவும் இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2020 ஆகஸ்ட் 11 தீர்ப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பன் உயிரோடு இருந்தாரா என்பதைப் பொருட்படுத்தாமல் மகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்று அது முடிவு செய்தது. எல்லைக்கு இருபுறமும் சொந்தமுள்ள நம் பகுதிக் குடும்பங்களுக்கு இன்னொரு வேறுபாடு முக்கியம். தமிழ்நாட்டின் 1989 திருத்தம் புதுச்சேரிக்குப் பொருந்தாது. மேலும், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்த 'ரெனோன்சாங்' குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தாது. உங்களுக்கு இவை இரண்டும் குறுக்கே வரவில்லை. பாகூர் நஞ்சையிலும் பங்கு அதே கணக்குதான்.

அடுத்து பட்டா. பட்டா நிலவரி யாரிடம் வசூலிப்பது என்பதற்கான வருவாய்த் துறைப் பதிவு. அது உரிமையை உண்டாக்குவதும் இல்லை, இருக்கும் உரிமையை அழிப்பதும் இல்லை; இதை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. உங்கள் பெரியப்பா பெயர் ஏறியது 1980-களின் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது என்று தோன்றுகிறது. அந்தக் கணக்கெடுப்பில் ஊரில் இருந்த மூத்த மகன் பெயரையே எழுதிவிட்டுப் போன கிராமங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். தாத்தா உயிரோடு இருந்தபோதே, அவர் எந்தப் பத்திரமும் எழுதிக்கொடுக்காமல், பட்டா பெரியப்பா பெயருக்கு மாறியது என்பதே அந்தப் பதிவுக்கு அடிப்படை இல்லை என்பதைக் காட்டும். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று வழிகள் உண்டு. ஆனால் உரிமையே தாவாவில் இருக்கும்போது அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள், அதுதான் முறையும். ஆட்சேபணை மனு ஒன்றைத் தாசில்தாரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் உழைப்பை வழக்கில் செலுத்துங்கள்.

இனி உங்களை மிகவும் அச்சுறுத்தியிருக்கும் அந்தப் பன்னிரண்டு வருடம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடையறாமல் 12 ஆண்டுகள் நிலத்தை வைத்திருந்தால் உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும். அதை எதிரிடை அனுபோகம் என்கிறோம். 2019-ல் உச்ச நீதிமன்றம், அப்படி உரிமை பெற்றவர் தாமே வாதியாக வந்து வழக்குப் போடலாம் என்றும் சொல்லியிருப்பதால், அண்ணனின் வழக்கறிஞர் அதைத்தான் பிடித்திருப்பார். ஆனால் கூட்டு உரிமையாளர்களுக்கிடையே விதி வேறு. ஒரு பங்காளியின் கையில் நிலம் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது எல்லாப் பங்காளிகளுக்காகவும் அவர் வைத்திருப்பதாகவே பொருள். அவர் தனியாக உழுததும், தனியாகக் காய் பறித்ததும், கிஸ்தி கட்டியதும், பட்டா மாற்றியதும்கூட மட்டும் போதாது. "உனக்கு இதில் பாத்தியதை இல்லை" என்று மற்றப் பங்காளிகள் அறிய வெளிப்படையாக மறுத்து, அந்த மறுப்புக்குப் பிறகு 12 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். 1957 முதல் உச்ச நீதிமன்றம் உறுதியாகப் பின்பற்றி வரும் நிலைப்பாடு இது.

இந்த இடத்தில்தான் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி உங்கள் வழக்கின் உயிர்நாடியாகிறது: 2017 வரை குத்தகைப் பணத்தில் ஒரு பகுதி வந்தது. எப்படி வந்தது? கையில் கொடுத்தார்களா, வங்கியில் போட்டார்களா? அப்பாவின் பழைய பாஸ்புக்குகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் முந்திரிக் காய்ப்பு முடியும் மே, ஜூன் மாதங்களின் பக்கங்களைப் பாருங்கள். ஒரு வழக்கில் என் கட்சிக்காரரிடம் பதிவுப் பத்திரம் தவிர வேறெதுவும் இல்லை என்று நினைத்துக் கொண்டிருந்தோம். அவருடைய தாயார் ஒரு தகர டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பாஸ்புக்கில், ஆறு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் இரண்டாம் வாரத்தில், எதிர்த்தரப்பினர் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் வரவு வைக்கப்பட்டிருந்தது. குறுக்கு விசாரணையில் அந்தப் பக்கத்தைக் காட்டி "இது எதற்காக அனுப்பிய பணம்?" என்று கேட்டபோது, எதிர்த்தரப்பின் சாட்சி "பங்குப் பணம்" என்று சொல்லிவிட்டார். எதிரிடை அனுபோக வாதம் அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. பங்கு கொடுத்துக்கொண்டே பங்கில்லை என்று மறுத்ததாக யாரும் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் வெளிப்படையான மறுப்பு என்று சொல்லத்தக்கது 2021-ன் கிரயப் பத்திரமும், அதிகபட்சமாக 2017-ல் பணம் நின்றதும்தான். எப்படி எண்ணினாலும் 12 ஆண்டுகள் ஆகவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

அண்ணனின் வழக்கில் அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எதிருரையை, அதாவது உங்கள் எழுத்துப் பதிலை, தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணம் கண்டு நீட்டித்தால் 90 நாட்கள் வரை. "தடை வழக்குத்தானே, பங்கு வழக்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அதை ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு விட்டுவிடாதீர்கள். அந்த வழக்கில் உரிமையைப் பற்றி ஒரு முடிவு பதிவாகிவிட்டால், அது பின்னர் உங்கள் பாகப்பிரிவினை வழக்கில் முன் தீர்ப்புத் தடையாக, அதாவது ஏற்கெனவே முடிவானதை மறுபடி கிளப்பக் கூடாது என்ற தடையாக, வந்து நிற்கலாம். எதிருரையில் உறவு முறை, தாத்தாவின் கிரயம், அவர் இறந்த தேதி, பங்குகள், குத்தகைப் பணம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, கூட்டு உரிமையாளர் மீது இன்னொரு கூட்டு உரிமையாளர் இத்தகைய தடை கேட்க முடியாது என்று எடுத்துரைக்க வேண்டும். உங்களைக் கேட்காமல் வழங்கப்பட்ட இடைக்காலத் தடையை நீக்கக் கோரும் மனுவையும் அதோடு போடுங்கள்.

பாகப்பிரிவினையை அதே வழக்கில் எதிர்க் கோரிக்கையாகவும் கேட்கலாம், தனி வழக்காகவும் போடலாம். இங்கே மதிப்பு பெரிது, தரப்பினர் பலர், சொத்து இரண்டு மாநில எல்லைகளில் இருக்கிறது. ஆகவே தனி வழக்குப் போட்டு, இரண்டையும் சேர்த்து விசாரிக்க மனுச் செய்வதே சரி என்பது என் கருத்து. பாகூர் நிலத்துக்குப் புதுச்சேரியில் தனி வழக்கு வேண்டுமோ என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை, சொத்துகள் வெவ்வேறு நீதிமன்ற எல்லைகளில் இருந்தால், ஏதாவது ஒரு பகுதி எங்கே இருக்கிறதோ அங்கே முழுமைக்கும் வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-வது பிரிவு வழி செய்கிறது. அந்த 40 சென்டை விட்டுவிட்டு வழக்குப் போட்டால், பகுதிச் சொத்துக்கு மட்டும் பிரிவினை கேட்டதாக ஆட்சேபணை வரும்.

தரப்பினர்களைச் சேர்ப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். நீங்கள், அம்மா, தங்கை மூவரும் வாதிகளாக இருங்கள். பெரியம்மா, அண்ணன், அக்கா, அத்தை, 80 சென்ட் வாங்கியவர் அனைவரும் பிரதிவாதிகள். அத்தை உங்கள் பக்கம் என்பதால் அவரைச் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நான் இளையவனாக இருந்தபோது ஒரு வழக்கில், கணவரோடு வெளியூர் போய்விட்ட ஒரு மகளைத் தரப்பினராகச் சேர்க்காமல் விட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் நடந்து கிடைத்த தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாகி, வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்கே வந்தது. அதற்குள் வாதியான பெரியவர் இறந்துவிட்டார். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் வம்சாவளிப் பட்டியலைக் கட்சிக்காரரோடு மூன்று முறை உட்கார்ந்து சரிபார்க்காமல் நான் பிராது (வழக்கு மனு) எழுதுவதில்லை.

நீதிமன்றக் கட்டணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நீங்கள் கூட்டு அனுபோகத்தில் இருப்பதாகப் பிராது இருந்தால் குறைந்த நிலையான கட்டணம். அனுபோகத்திலிருந்து விலக்கப்பட்டதாகப் பிராதிலேயே எழுதிவிட்டால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள் என்பதாலோ, வருமானத்தில் பங்கு நின்றுவிட்டது என்பதாலோ நீங்கள் விலக்கப்பட்டவராகிவிட மாட்டீர்கள் என்று 1980-ல், தமிழ்நாட்டின் இந்தக் கட்டணச் சட்டத்தைப் பற்றியே, உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உண்மையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. கோபத்தில் "என்னை அடித்து விரட்டிவிட்டார்கள்" என்று நடக்காததை மிகைப்படுத்தி எழுதி, கட்டணத்தையும் ஏற்றிக்கொண்டு, எதிராளியின் வாதத்துக்கும் வலுச் சேர்க்காதீர்கள் என்கிறேன்.

2021 கிரயத்தை ரத்து செய்யக் கேட்க வேண்டியதில்லை. அதில் நீங்கள் கையெழுத்திட்டவர் இல்லை. அது உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது என்ற அளவில் போதும். வாங்கியவருக்கு அண்ணனின் பங்கு மட்டுமே செல்லும், இறுதிப் பிரிவினையில் அவர் வாங்கிய இடத்தை முடிந்த அளவு அண்ணனின் பங்கிலேயே ஒதுக்க நீதிமன்றம் பார்க்கும். வழக்கு தாக்கலான பிறகு நடக்கும் விற்பனைகள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை என்றாலும், மேற்கொண்டு விற்கவும் மரம் வெட்டவும் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

ஒருவேளை "2004-லேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்துக் கூர்ச்சீட்டு எழுதியாகிவிட்டது" என்று ஒரு தாள் நீட்டப்படலாம் (கூர்ச்சீட்டு என்பது யாருக்கு எந்தப் பங்கு என்று குறித்த தாள்). வாய்மொழிப் பாகப்பிரிவினை சட்டப்படி செல்லும். ஏற்கெனவே பிரித்ததை நினைவுக்காகக் குறித்த தாளுக்குப் பதிவும் தேவையில்லை. ஆனால் அந்தத் தாளே நிலத்தைப் பிரிக்கிறது என்றால் பதிவு கட்டாயம். அதில் அத்தையின் கையெழுத்து இருக்கிறதா, உங்கள் அப்பாவுக்கு எந்த நிலம் ஒதுக்கப்பட்டது, அந்த நிலம் எங்கே என்று கேளுங்கள். ஒருவருக்கு எதுவும் கிடைக்காத பிரிவினையை நம்பச் சொல்வது எளிதன்று.

ஆவணங்களில் 1962 கிரயம் உங்களிடம் இல்லை, தானே புயலில் வீட்டுக் கூரையோடு நனைந்து போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் கரையேறிய பாதையில் இருந்த எத்தனையோ குடும்பங்களின் நிலை இது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடல் மனு போட்டு, பதிவுப் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் பெறலாம். மாவட்டம் 1993-ல் பிரிந்தது என்பதால் பத்திரத்தில் "தென்னாற்காடு ஜில்லா" என்றிருக்கும். பழைய சர்வே எண் இன்று வேறாக இருந்தால் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் தொடர்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் எல்லை விவரமான செக்குபந்தியில் சொல்லப்பட்ட நான்கு எல்லைகளையும் இன்றைய புலப்பட (நில அளவை வரைபட) நகலோடு ஒப்பிட்டு வைத்தால் பின்னால் பெரிதும் உதவும். அதே புயலில் தோப்பு சாய்ந்த பிறகு கன்று வைத்தவர் யார் என்ற கேள்வியும் வரும். அண்ணன் செலவு செய்து புதுக் கன்றுகள் நட்டிருந்தால் அது அவருக்கு உரிமை தராது, ஆனால் அந்தப் பகுதியை அவர் பங்கில் ஒதுக்கக் கேட்க அவருக்கு நியாயம் உண்டு. அதை நீங்களே ஒப்புக்கொள்வது நல்லது.

வழக்கு சாதகமாக முடிந்தால் முதலில் கிடைப்பது பங்கை மட்டும் அறிவிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாணை. அதோடு வழக்கு முடிந்ததாக எண்ணி வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் பலர். எந்த மூலை யாருக்கு என்று தீர்மானிப்பது இறுதித் தீர்ப்பாணை. இதற்குத் தனி மனுவுக்காகக் காத்திராமல் நீதிமன்றங்களே அடுத்த கட்டத்துக்கு வழக்கைப் பட்டியலிட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. நீங்களும் விடாமல் கேளுங்கள். ஆணையரும் நில அளவையரும் வரும் நாளில் கண்டிப்பாக நேரில் இருங்கள். காலையில் சங்கிலி போடும்போது பரப்பு மட்டுமே பேச்சாக இருக்கும். வெயில் ஏறியதும் கிணறு யார் பங்கில் விழுகிறது, சாலைக்குப் போகும் வண்டிப்பாதை எது என்று பேச்சு மாறும். ஒரு தோப்பில் நான் போட்ட வரைபடத்தில் பரப்பு சென்ட் பிசகாமல் இருந்தது, ஆனால் கடைசிப் பங்குக்காரர் தம் காய் மூட்டையைத் தலையில் சுமந்து மூவர் நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அவரே எல்லையில் நின்று அதைக் காட்டிய பிறகு, பன்னிரண்டடிப் பாதையைப் பொதுவில் விட்டு மறுபடி வரைந்தோம். கிணறு, மின் மோட்டார் இணைப்பு, முறைத் தண்ணீர் ஆகியவற்றைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதை எழுத்திலேயே கேளுங்கள். உங்கள் பங்குக்கான வருமானக் கணக்கையும் இந்தக் கட்டத்தில் கேட்கலாம். இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்டால்தான் நிறைவேற்ற முடியும்; நிறைவேற்றக் காலவரையறை 12 ஆண்டுகள். அதைக் கொண்டு உட்பிரிவு செய்து, தனிப் பட்டா பெற வேண்டும்.

சமரசம் பற்றி ஒரு வார்த்தை. இத்தனையும் நடக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று என்னால் நாள் குறித்துச் சொல்ல இயலாது. அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் வயதாகிறது. எதிருரை தாக்கலான பிறகு, உங்கள் நிலை பதிவில் ஏறிய வலுவோடு, நீதிமன்ற சமரச மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ அனுப்பக் கேளுங்கள். அங்கே முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தின் தீர்வுக்குத் தீர்ப்பாணையின் வலு உண்டு, அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் அண்ணன் அவர்கள் பங்கையும் சேர்த்து விற்றது தெரியுமா என்பது எனக்கு ஐயமாக இருக்கிறது. வழக்கு அறிவிப்பு கையில் கிடைக்கும் முன், நீங்களோ அத்தையோ நேரில் போய் அந்தக் கணக்கை அமைதியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். தோப்புக்குள் மட்டும் போக வேண்டாம். தடை நீங்கும்வரை வேலி ஓரத்தில் நின்று பேசுவதுகூட அதை மீறியதாகத் திரிக்கப்படலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு: அழைப்பாணை கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள், அப்பாவின் பாஸ்புக்குகளைத் தேடி எடுங்கள்.